மாராவா, லுவாங்வாவா, சாம்பேசியா? ஆற்றங்கரைக் கூடாரத்தில் நான்கு இரவுகள்

செப்டம்பர் கடைசியில் தங்கை குடும்பத்தோடு வருகிறாள். அவள், மாப்பிள்ளை, 11 வயது மகள், 67 வயது மாமியார் என நான்கு பேர். நான் ஏழு வருடமாகச் சாம்பியாவின் தலைநகர் லுசாகாவில் கணக்குப் பார்க்கும் வேலையில் இருப்பதால், ஆப்பிரிக்கா முழுவதும் எனக்கு அத்துப்படி என்பது வீட்டில் எல்லோருடைய எண்ணம். "அண்ணா, ஆத்தங்கரையில டென்ட், ராத்திரி யானை பக்கத்துல வந்து போகணும், நாலு ராத்திரி. எந்த ஊருன்னு நீயே சொல்லு" என்றாள். இது அவர்கள் பல வருடம் சேர்த்த பணம். அதனால் சும்மா ஒரு பெயரைச் சொல்லிவிட மனம் வரவில்லை. நான் தங்கிப் பார்த்த மூன்று ஆறுகளையும் வரிசையாக வைத்து யோசித்தேன்: கென்யாவின் மாரா, சாம்பியாவின் லுவாங்வா, சாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் நடுவில் ஓடும் சாம்பேசி.

முதலில் இந்த முகாம்கள் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். கூடாரம் என்றதும் தரையில் படுக்கை விரித்து முடங்கும் இடம் என்று நினைக்க வேண்டாம். சுவரும் கூரையும் தடித்த கித்தான் துணி, தரை மரப்பலகை. உள்ளே நல்ல கட்டில், கொசுவலை, பின்பக்கம் வெந்நீர் வரும் குளியலறை, முன்பக்கம் ஆற்றைப் பார்த்த திண்ணை. மூன்று வேளைச் சாப்பாடும், காலை மாலை ஜீப் சவாரியும் வாடகையிலேயே அடங்கும். நல்ல ஆற்றங்கரை முகாம்கள் ஒரு ஆளுக்கு ஓர் இரவுக்கு 600 டாலருக்குக் கீழே கிடைப்பது அரிது. சீசனில் 1,000, 1,500 என்று ஏறிக்கொண்டே போகும். இவ்வளவு கொடுக்கும்போது எல்லோரும் குளியல் தொட்டியின் படத்தையும் திண்ணையில் இருக்கும் நீச்சல் தொட்டியையும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். இந்த விலையில் எல்லா முகாமிலும் கட்டில் நன்றாகத்தான் இருக்கும். வித்தியாசம் ஆற்றில் இருக்கிறது. நீங்கள் போகும் மாதத்தில் அந்த ஆறு எப்படி இருக்கும், அதில் இறங்க விடுவார்களா, கரையில் நடக்க விடுவார்களா, ஜீப்பில் உட்கார்ந்தே பார்க்க வேண்டுமா என்பதைக் கேட்டு முடிவெடுங்கள்.

மாதம்தான் நம் குடும்பங்களுக்குப் பெரிய சிக்கல். தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை ஏப்ரல், மே. மாரா பக்கம் அதுதான் பெருமழைக் காலம். 2024-இல் மே மாதம் பிறந்த நேரத்தில் மாராவின் கிளை நதியான தாலெக் கரை புரண்டு பல முகாம்கள் மூழ்கின. அங்கே தங்கியிருந்தவர்களை ஹெலிகாப்டரிலும் மீட்டார்கள். லுவாங்வாவில் ஏப்ரலில் பாதைகள் இன்னும் சேறு. காட்டுக்குள் இருக்கும் சிறு முகாம்களைப் போட்டு முடிக்கவே மே கடைசி, ஜூன் ஆகிவிடும். சாம்பேசியின் கீழ்ப்பள்ளத்தாக்கு முகாம்களில் பல, நவம்பர் நடுவில் மூடி ஏப்ரலை ஒட்டித்தான் திறக்கும். அப்போது புல் ஆளுயரம் நிற்கும்; விலங்குகள் கண்ணில் படுவது குறைவு. விடுமுறையின் வால் பகுதியான மே கடைசி வாரம் மட்டும் பரவாயில்லை.

அரையாண்டு விடுமுறையில் மாரா பச்சைப்பசேல் என்று இருக்கும். சாம்பியாவில் மழை தொடங்கியிருக்கும். ஆக மூன்று ஆறுகளும் ஒரே நேரத்தில் நன்றாக இருப்பது காலாண்டுத் தேர்வு முடிந்து வரும் அந்த ஒன்பது பத்து நாளில்தான். தங்கை அதைப் பிடித்தது அதிர்ஷ்டம்.

இனி மாரா. மாவ் மலைக்காடுகளில் பிறந்து, மாசாய் மாரா காப்பகத்தை அறுத்துக்கொண்டு தான்சானியாவில் நுழைந்து, விக்டோரியா ஏரியில் சேரும் ஆறு. ஜூலை முதல் அக்டோபர் வரை தான்சானியாவின் செரங்கெட்டி சமவெளியிலிருந்து வில்டிபீஸ்ட் என்ற, மாடு போலத் தோன்றும் பெரிய மான்களின் மந்தைகள் இந்த ஆற்றைக் கடக்கும். மொத்தம் 13 லட்சம் விலங்குகள் என்று கணக்குச் சொல்வார்கள். தொலைக்காட்சியில் முதலை வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் காட்சி எல்லாம் இங்கே எடுத்ததுதான். முதல்முறை ஆப்பிரிக்கா வருபவருக்கு, குறிப்பாகக் குழந்தைக்கு, இதைவிட நல்ல அறிமுகம் கிடையாது. மரம் குறைந்த புல்வெளி என்பதால் சிங்கம், சீட்டா, யானை, ஒட்டகச்சிவிங்கி என ஒரே நாளில் அத்தனையும் கண்ணில் படும். 1,500 மீட்டருக்கு மேல் உயரம் என்பதால் இரவில் குளிரும். படுக்கப் போகும்போது மெத்தைக்குள் வெந்நீர்ப் பை வைத்திருப்பார்கள்.

ஆனால் மாராவில் 'ஆற்றங்கரை முகாம்' என்ற சொல்லைக் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். மந்தை கடக்கும் துறைகள் குறிப்பிட்ட சில இடங்களில்தான் இருக்கின்றன. உங்கள் திண்ணைக்கு எதிரில் அது நடப்பது அபூர்வம். நாங்கள் ஒரு துறையில் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். எதிர்க்கரையில் மந்தை கறுப்பாகத் திரண்டு நின்றது. ஒரு வரிக்குதிரை மட்டும் சரிவில் பாதி இறங்கி, தண்ணீரை மோந்து பார்த்து, திரும்பி ஏறிவிட்டது. அதோடு அந்த மந்தை முழுக்கப் பின்வாங்கிப் புல் மேயப் போய்விட்டது. அந்த மூன்று மணி நேரத்தில் எங்களைச் சுற்றி நான் எண்ணிய வண்டிகள் 40-க்கு மேல். மறுநாள் கடந்தன. அந்தத் தூசியையும் கதறலையும் மறக்க முடியாது. ஆனாலும் எங்கள் வண்டிகளே அவற்றுக்கு ஒரு தடையோ என்ற உறுத்தல் எனக்கு இன்னும் போகவில்லை. 2025-இல் மாராவின் கிளையான சாண்ட் ஆற்றின் கரையில் திறந்த ஒரு சொகுசு முகாம் வலசைப் பாதையை மறிக்கிறது என்று அந்தப் பகுதியின் மாசாய் மேய்ச்சல் சமூகத்தவர் ஒருவர் நீதிமன்றத்துக்கே போனார். தங்குபவர்களும் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

மாராதான் என்று முடிவு செய்பவர்களுக்கு என் யோசனை: ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கும் மாரா முக்கோணம், அல்லது வடக்கே மாரா நார்த் கன்சர்வன்சி என்ற, காப்பகத்துக்கு வெளியே இருக்கும் தனிப் பாதுகாப்புப் பகுதி. முக்கோணத்தை 2001 முதல் லாப நோக்கில்லாத ஓர் அமைப்பு நிர்வகிக்கிறது. ஒரு விலங்கைச் சுற்றி எத்தனை வண்டி நிற்கலாம் என்பதில் கறாராக இருக்கிறார்கள். மாரா நார்த், மாசாய்க் குடும்பங்களின் சொந்த நிலம். முகாம்கள் அவர்களுக்குக் குத்தகைப் பணம் கொடுக்கின்றன. காப்பகத்துக்குள் இரவுச் சவாரி கிடையாது, நடக்கவும் விட மாட்டார்கள். கன்சர்வன்சியில் இரண்டும் உண்டு. காப்பகத்துக்கு நுழைவுக் கட்டணம் வேறு: வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு ஜனவரி முதல் ஜூன் வரை நாளுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். முகாம் சொல்லும் விலையில் இது சேர்ந்ததா என்று கேட்காமல் முன்பணம் கட்டாதீர்கள். மூன்று பெரியவர்கள், நான்கு நாள் என்று போட்டாலே 2,400 டாலர் வருகிறது.

அடுத்து லுவாங்வா. என் மனசு முழுக்க இந்த ஆற்றில்தான் இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை.

தெற்கு லுவாங்வா தேசியப் பூங்கா 9,050 சதுர கிலோமீட்டர். லுசாகாவிலிருந்து முஃபுவே விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். இந்த ஆற்றில் அணை கிடையாது. மழைக்காலத்தில் காட்டுக்குள் பரவி, ஒவ்வொரு வருடமும் கரையை அரித்துப் பாதையை மாற்றிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் புவியியல் பாடத்தில் குதிரைக் குளம்பு ஏரி என்று படம் வரைந்தோமே, அதை இங்கே அடுத்தடுத்துப் பார்க்கலாம். ஆறு கைவிட்டுப் போன பழைய வளைவுகள் குளங்களாகி, அவற்றின் ஓரத்தில் யானையும் மானும் நிற்கும். வண்டிப்பாதை பல இடங்களில் நம் ஊர்க் கரிசல் மண் மாதிரி. ஒரு மழை பெய்தால் சக்கரம் புதைந்துவிடும். அதனால் உள்காட்டு முகாம்களை நவம்பரில் மொத்தமாகப் பிரித்து எடுத்துவிட்டு, வெள்ளம் வடிந்ததும் மூங்கிலும் புல்லும் வைத்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். நீங்கள் தங்கும் இடம் அந்த வருடம் கட்டியது. ஆறு அடுத்த வருடம் அந்தக் கரையை விட்டுவைக்குமா என்பது ஆற்றுக்கே வெளிச்சம்.

லுவாங்வாவின் பெருமை நடை. 1950-இல் நார்மன் கார் என்பவர், நிசெஃபு என்ற இனக்குழுத் தலைவரோடு பேசி, அவர்களுடைய நிலத்தில் ஒரு முகாம் திறந்தார். வருமானம் அந்த ஊர் மக்களுக்கே போனது. துப்பாக்கியோடு வேட்டைக்கு மட்டுமே வெள்ளைக்காரர்கள் வந்த காலத்தில், விலங்கை நடந்து போய்ப் பார்க்கக் கூட்டிப்போன மனிதர் அவர். அந்த வழக்கம் இன்றும் அப்படியே இருக்கிறது. முன்னால் துப்பாக்கியோடு பூங்காக் காவலர், அடுத்து வழிகாட்டி, பின்னால் வரிசையாக நாம், கடைசியில் ஃப்ளாஸ்க்கும் பிஸ்கட்டும் சுமந்துகொண்டு ஒருவர்.

நான் போன அன்று காட்டெருமை வரும் என்று எதிர்பார்த்து நடந்தோம். வழிகாட்டி திடீரென்று குனிந்து மணலில் ஒரு சின்னக் குழியைக் காட்டினார். புல் நுனியை விட்டு மெல்லக் கிளறினார். குழியின் அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சி கொடுக்கை நீட்டி மணலை வாரி இறைத்தது. குழியானை! தாத்தா வீட்டுத் திண்ணையோரம், மழை படாத புழுதியில், நானும் தங்கையும் ஈர்க்குச்சி வைத்து நோண்டிய அதே பூச்சி. அவர் ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கும் முன்பே நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். யானைக்கும் எனக்கும் நடுவில் அப்போது 200 மீட்டர்கூட இருக்காது. ஜீப்பில் போயிருந்தால் அந்தக் குழியைச் சக்கரத்தில் நசுக்கிவிட்டுப் போயிருப்போம்.

செப்டம்பரில் இன்னொரு விருந்து உண்டு. செங்குத்தான மண்கரைகளில் கருஞ்சிவப்புப் பஞ்சுருட்டான் பறவைகள் நூற்றுக்கணக்கில் பொந்து தோண்டிக் கூடு கட்டும். கரையே சிவந்து அசைவதுபோல இருக்கும். ஆறு சுருங்கச் சுருங்க, மிச்சம் இருக்கும் மடுக்களில் நீர்யானைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்துக் கிடக்கும். சிறுத்தைக்குப் பேர்போன இடமும் இதுதான். இரவுச் சவாரி அனுமதி உண்டு என்பதால் பார்க்கும் வாய்ப்பு அதிகம். காண்டாமிருகம் மட்டும் இங்கே இல்லை. கள்ள வேட்டையில் அடியோடு அழிந்தது. வடக்கு லுவாங்வாவில் 2003 முதல் மறுபடி கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்.

தங்கை குடும்பத்துக்கு இது ஒத்துவருமா? இங்கேதான் மனதைக் கல்லாக்க வேண்டியிருக்கிறது. நடைப்பயணத்துக்கு முகாம்கள் பொதுவாக 12 வயது நிறைந்தவர்களைத்தான் அழைத்துப்போகின்றன. அவள் மகளுக்கு 11. மாமியாருக்கு முழங்கால் வலி. செப்டம்பர் கடைசியில் பகல் வெயில் 40 டிகிரியை எட்டிப்பிடிக்கும். கித்தான் கூடாரம் மதியம் அடுப்பு மாதிரி. ஜீப் சவாரியோ, காய்ந்து இறுகிய யானைக் காலடிக் குழிகளில் இடுப்பைக் குலுக்கி எடுக்கும். நான்கு பேரில் இருவர் நடக்க முடியாது என்றால், லுவாங்வாவுக்குப் போயும் லுவாங்வாவைப் பாதிதான் பார்த்ததாகும். இளம் தம்பதிகளும், வளர்ந்த பிள்ளைகள் இருப்பவர்களும், ஏற்கெனவே ஒருமுறை மாரா பார்த்துவிட்டவர்களும் இங்கே வாருங்கள். வெயில் தாங்காது என்றால் ஜூன், ஜூலை. அப்போது விடியற்காலை திறந்த ஜீப்பில் பல் கிட்டிக்கும், கம்பளி அவசியம்.

சரி, சாம்பேசி. கீழ் சாம்பேசி தேசியப் பூங்கா 4,092 சதுர கிலோமீட்டர், 1983-இல் அமைத்தது. எதிர்க்கரையில் ஜிம்பாப்வேயின் மானா பூல்ஸ்; 1984 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. மேலே 1959-இல் முடித்த கரிபா அணை இருப்பதால், மழை இல்லாத மாதங்களிலும் ஆற்றில் தண்ணீர் நிறைந்து ஓடும். அகண்ட காவிரி தெரியுமே, அது மாதிரி பரந்த அகலத்தில், நடுவில் தீவுகளும் நாணல் திட்டுகளுமாக. லுவாங்வாவில் கால்கள் செய்யும் வேலையை இங்கே படகு செய்கிறது. மாமியார் விஷயத்தில் என் மனம் இந்தப் பக்கம் சாய்ந்தது இதனால்தான். வயதானவர்களுக்குச் சஃபாரியில் கஷ்டமே ஜீப்பின் குலுக்கல். இங்கே மெத்தை போட்ட நாற்காலியில் சாய்ந்துகொண்டு, குலுக்கல் இல்லாமல், மாலை முழுக்க யானை பார்க்கலாம்.

என்ஜினை அணைத்துவிட்டுப் படகைத் தண்ணீர்ப் போக்கில் விடுவார்கள். ஒரு மாலை, எங்களுக்கு முன்னால் ஐந்து யானைகள் தீவுக்கு நீந்திப் போயின. பெரியவற்றின் முதுகின் மேல்பகுதியும் தூக்கிய தும்பிக்கையும் மட்டும் தண்ணீருக்கு மேலே. நடுவில் ஒரு குட்டி, முன்னால் போகும் யானையின் வாலருகே தும்பிக்கையை வைத்துக்கொண்டே போனது. கரையேறியதும் தண்ணீர்க்கோடு வரை கறுப்பு, மேலே செம்மண் நிறம் என்று இரண்டு வர்ணத்தில் நின்றன. படகில் யாரும் ஐந்து நிமிடம் வாயைத் திறக்கவில்லை.

கனோ என்ற சிறு துடுப்புப் படகிலும் போகலாம். வழிகாட்டி துடுப்பால் படகின் விளிம்பைத் 'டொக் டொக்' என்று தட்டிக்கொண்டே வருவார். கீழே இருக்கும் நீர்யானை சத்தம் கேட்டு மேலே தலை தூக்கும். அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு ஒதுங்கிப் போகலாம். ஆனால் இதற்கும் வயது வரம்பு உண்டு, முகாமுக்கு முகாம் மாறும். குழந்தையையும் மாமியாரையும் நான் கனோவில் ஏற்ற மாட்டேன். பெரிய படகு போதும்.

கரையில் வேலமரத்துக்குச் சொந்தமான வின்டர்தார்ன் மரங்கள் நிற்கின்றன. மற்ற மரங்கள் காய்ந்து நிற்கும் கோடையில் இவை இலை விட்டுக் காய்க்கும், மழைக்காலத்தில் உதிர்த்துவிடும். சுருள் சுருளான அந்தக் காய் யானைக்கு உயிர். அது முகாமுக்குள்ளேயே உதிர்வதால் யானைகளும் உள்ளே வந்துவிடும். தங்கை கேட்ட 'பக்கத்துல வந்து போகணும்' இங்கே நிச்சயம் நடக்கும். சாப்பாட்டு நேரத்தில் திண்ணைக்கு முன்னால் யானை நின்றால், அது போகும் வரை கூடாரத்துக்குள் இருக்க வேண்டியதுதான்.

குறைகள்: வெயில் இங்கேயும் கடுமை, ஆற்றுக் காற்றுதான் ஆறுதல். சிங்கமும் சிறுத்தையும் உண்டு என்றாலும் மாரா போல எண்ணிக்கொண்டே போக முடியாது. ஒட்டகச்சிவிங்கி கிடையவே கிடையாது. இதைச் சொன்னதும் போனில் அந்தப் பக்கம் தங்கை மகள் அழுகிற குரலில் "ஜிராஃப் இல்லாத ஆப்பிரிக்காவா மாமா?" என்றாள்.

பூங்காவுக்கு வெளியே, மேற்கே, வண்டியிலேயே போய்ச் சேரக்கூடிய முகாம்கள் இருக்கின்றன, விலையும் குறைவு. உள்ளே இருப்பவற்றுக்கு லுசாகாவிலிருந்து ஜெக்கி என்ற மண் ஓடுதளத்துக்குச் சிறு விமானம், அரை மணி, முக்கால் மணி. முடிந்தால் உள்ளே தங்குங்கள். எல்லைக்கு வெளியே தங்கினால் தினமும் காலையில் வாசலுக்குப் போய்ச் சேருவதிலேயே நல்ல நேரம் கரைந்துவிடும். எல்லையான சோங்வே ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டியிருப்பவை நடுத்தரமான தேர்வு.

இரவு மூன்று இடத்திலும் ஒன்றுதான். வேலி கிடையாது. இருட்டியபின் துணைக்கு ஆள் இல்லாமல் கூடாரத்தை விட்டு வெளியே வரக் கூடாது. அழைக்க விசிலோ வாக்கி-டாக்கியோ வைத்திருப்பார்கள். நீர்யானை இரவில் கரையேறிப் புல் மேயும். தலைமாட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு துணிச்சுவர் தூரத்தில், பசு வைக்கோலை இழுத்து மெல்வது போலச் சத்தம் கேட்கும். முதல் இரவு தூக்கம் வராது. இரண்டாம் இரவு அந்தச் சத்தம் இல்லாவிட்டால் தூக்கம் வராது.

உடம்பு விஷயம் ஒன்று என் முடிவை உறுதியாக்கியது. கென்யா போய் இந்தியா திரும்ப மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பு போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். ஆனால் 60 வயது தாண்டியவர்களுக்கு இந்த ஊசியில் பக்கவிளைவு அபாயம் கூடுதல், மருத்துவர் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். துபாய் வழியாக நேராக லுசாகா வந்தால் மாமியாருக்கு இந்தச் சிக்கலே இல்லை. எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா வழி என்றால் இந்த ஊசி பற்றி மறுபடி விசாரிக்க வேண்டும். மலேரியா மாத்திரை மூன்று ஆற்றுக்குமே மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டியதுதான். கருப்பும் கருநீலமும் உடுத்தாதீர்கள், செட்சி ஈ அந்த நிறங்களைத் தேடி வந்து கடிக்கும்.

மாமியார் சுத்த சைவம். முன்பதிவின்போதே எழுதிவிட்டால் எந்த முகாமும் சமாளிக்கும். அதோடு சாம்பியாவின் வீட்டுச் சாப்பாடு நமக்கு அந்நியமில்லை. இன்ஷிமா என்பது வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டிய களி. தொட்டுக்கொள்ள, நிலக்கடலைப் பொடி போட்டு வேகவைத்த பூசணி இலை. சமையற்காரரிடம் ஒருநாள் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள், மேசையில் வைக்கும் ஐரோப்பியச் சாப்பாட்டைவிட எனக்கு அதுதான் பிடிக்கும்.

ஆக, தங்கைக்குக் கீழ் சாம்பேசி என்று சொல்லிவிட்டேன். பூங்காவுக்குள், நான்கு இரவு, கூடாரம் சாப்பாட்டு இடத்துக்கு மிக அருகில் இருப்பதாக, குழந்தைக்கு அனுமதி உண்டா என்று எழுத்தில் உறுதி வாங்கிக்கொண்டு. மாமியார் இல்லாமல் மூவர் மட்டும் வந்திருந்தால் மாரா நார்த்துக்கு அனுப்பியிருப்பேன். ஒட்டகச்சிவிங்கிக்கும் வழி கிடைத்துவிட்டது: ஊரை ஒட்டியே இருக்கும் லுசாகா தேசியப் பூங்காவில் அது உண்டு, வெள்ளைக் காண்டாமிருகமும் உண்டு. விமானம் வந்திறங்கிய மறுநாள் காலை நானே என் வண்டியில் அழைத்துப் போகிறேன்.

சிறு விமானத்தில் ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் மடங்கக்கூடிய துணிப்பையாக இருக்க வேண்டும். மாமியார் புதிதாக வாங்கிவைத்திருக்கும் சக்கரப் பெட்டியை என் வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்று நேற்று அவரிடம் சொன்னேன். "சரி தம்பி, ஆனா அந்தப் படகுல சாஞ்சு உட்கார நாற்காலி இருக்குன்னு நிச்சயமா தெரியுமா?" என்று மறுபடி கேட்டார். முகாமுக்கு எழுதி நாற்காலியின் படத்தையே வரவழைத்து அவருக்கு அனுப்பியிருக்கிறேன்.